வெள்ளிக்கிழமையில் திரைந்த பால்

1

கனடாக் குளிருக்கென்று கொழும்பில் வாங்கிய தடித்த யக்கெற் ஒன்று என்னிடம் இருந்தது. பஞ்சு அடைத்தது, பழுப்பு நிறம், தொப்பியின் ஓரத்தில் பூனைமயிர் போல ஏதோ ஒன்று. அதைப் போட்டுப் பார்த்த கடையிலேயே வேர்த்துக் கொட்டியது. ஆனால் அந்த யக்கெற் கனடாவைப் பார்க்கவேயில்லை. பிராங்பேர்ட்டில், விமானம் மாறுகிற இடத்தில், வரிசையிலிருந்து என்னை விலத்தி ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். இடையில் இறங்கிய நாடே இருக்கிற நாடாகிப் போனது. ஹம்பேர்க்கின் தூறலில் பல மாரி நனைந்து, கைமுட்டி கிழிந்து, கடைசியில் அந்த யக்கெற் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் இருக்கிறேன்.

நவம்பர் வந்தால் அதன் ஞாபகமும் வரும். நான் தரையிறங்கிய மாதம் அது. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஜெர்மனியும் கனடாவும் ஒரே வெளிநாட்டின் இரண்டு அறைகள் போலத் தோன்றலாம். எங்களுக்கு அப்படியில்லை. இங்கிருக்கும் எங்களுக்குக் கனடா ஒரு 'அங்கை'. அங்கே தமிழ்ப் பல்வைத்தியர் இருக்கிறார், தமிழ் வழக்கறிஞர் இருக்கிறார், வீதியில் வண்டியை மறித்தவரைத் தமிழிலேயே ஏசலாம் என்கிறார்கள். பிறகு பாஸ்போர்ட் கிடைத்தது, காசும் ஓரளவு கிடைத்தது. நான் போகவில்லை. ஒருகாலம் குடியிருக்கப் புறப்பட்ட வீட்டுக்கு, பிறகு விருந்தாளியாகப் போக மனம் வரவில்லை.

போகாத ஊருக்கு வழி கேட்காதே என்பார்கள். நான் வழி கேட்கவில்லை. கடந்த நவம்பரில் அந்த ஊரின் சாப்பாட்டைச் சமைத்தேன்.

2

என் தங்கை சாந்தி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் பேசி, முறையாக, ஒரு யக்கெற்றும் வீணாகாமல். அவளுடைய மகள் ஆரணி ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். காற்றாலைகளைப் பற்றிப் படிக்க ஒரு வருடத்துக்கு ஹம்பேர்க் வந்தாள். எங்கள் மகன் கபிலனின் அறை வெறுமையாகக் கிடந்தது, அதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தோம்.

வந்த அன்று நடையில் வைத்தே அவள் பெட்டியைத் திறந்தாள். வறுத்த கறித்தூள், ஒடியல் மா, மிளகாய்த்தூள், கறுவாப்பட்டை, பனங்கட்டி. மேலே மறுபடியும் கறித்தூள். வீடு முழுக்க மணந்தது.

"உன்ரை சாமான் எங்கை பிள்ளை?" என்று கேட்டாள் என் மனைவி வதனா.

ஆரணி முதுகில் இருந்த சின்னப் பையைக் காட்டினாள். "இதுதான் மாமி. உங்களுக்கு இஞ்சை ஒண்டும் கிடைக்காதெண்டு அம்மா சொன்னா."

ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளில் இவையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. அதைவிடப் பகிடி, கனடாவுக்கு யாராவது போகிறார்கள் என்றால் வதனாவும் அவர்களிடம் கறித்தூள் கொடுத்துவிடுவாள். அங்கே கிடைப்பது நன்றாக வறுபட்டிருக்காதாம். இரண்டு பெட்டிகளும் அத்திலாந்திக்குக்கு மேலே எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கும்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஆரணிக்கு ஒரு டெர்மின், சந்திப்புக்கு நேரம், குறித்திருந்தது. துணைக்கு நானும் போனேன். பழக்கதோஷம், சேர்ட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு, கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்லவேண்டிய வசனங்களை வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் அவளிடம் ஆங்கிலத்தில் பேசினார். என் வசனங்கள் வாய்க்குள்ளேயே கிடந்தன.

"எவ்வளவு காலம் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று அவர் அவளைக் கேட்டார்.

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு கேள்வி இந்தக் கட்டடங்களில் இருக்கிறதென்று எனக்கு இதுவரை தெரியாது. எத்தனையோ வருடங்களாக நான் கேட்டுப் பழகியது, எவ்வளவு காலம் இருக்க விடுவார்கள் என்பதை. ஒவ்வொரு அன்ட்ராக்கும் அந்தக் கேள்விதான், விண்ணப்பம் என்ற உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

வெளியே வந்ததும், "பாத்தியா, உனக்கு எவ்வளவு மரியாதை" என்றேன்.

அவள் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு காலமெண்டு எனக்கே தெரியேல்லை மாமா."

"குளிருக்குப் பயப்பிடுறியோ? நீ கனடாப் பிள்ளையெல்லே?"

"இது குளிரே இல்லை மாமா. குளிரெண்டால் வெளிச்சமா இருக்கும். இது ஈரம்."

அதற்குப் பிறகுதான் சாப்பாடு குறையத் தொடங்கியது. வதனா இடியப்பம் அவித்தாள், சொதி வைத்தாள், புட்டுக்கு நல்ல றால் தேடி வாங்கி வந்தாள். ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்குள் போனால் ஊர் ஏக்கம் அடங்கும் என்பது எங்கள் எழுதாத வைத்தியம். ஆரணி இரண்டு வாய் சாப்பிடுவாள். "நல்லா இருக்கு மாமி, காணும்" என்பாள். கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். மரியாதையான பிள்ளை. மரியாதை கூடக்கூட மெலிந்துகொண்டே போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "மாமா, கிறிஸ்மஸுக்கு வீட்டை போறன். திரும்பி வரமாட்டன் எண்டுதான் நினைக்கிறன்."

அன்றைக்கே சாந்தியின் அழைப்பு வந்தது. "அண்ணா, எப்பிடியாவது அவளை நிப்பாட்டுங்கோ. பிள்ளை ஜெர்மனியில படிக்கிறாளெண்டு இஞ்சை எல்லாருக்கும் சொல்லியாச்சு. அங்கை வந்து படிக்கவேணுமெண்டு ஒற்றைக் காலில நிண்டவளும் அவள்தான்."

"நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

பார்த்துக்கொள்ளச் சொன்னால் எங்களுக்குத் தெரிந்தது ஒரு வசனம்தான். அதையே அவளுக்கும் சொன்னேன். "பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை. நாங்களெல்லாம் இருக்கேல்லையே?" அவள் தலையாட்டினாள். கனடாவுக்குப் போகிற வழியில் நான் நின்றுபோன கதை எங்கள் குடும்பத்தில் ஏற்கனவே இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த வழியில் இவள் திரும்பிப்போன கதையும் அதோடு சேர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். என்னுடைய அவசரம் அது. அவளுடையதல்ல.

3

வதனா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சாப்பிட மறுக்கும் வாய்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்த எவருக்கும் தெரியாது. ஒரு பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எங்கடை இல்லத்தில ஒரு மனுசி கிழமைக்கணக்கா வாய் திறக்கேல்லை. என்னத்தைக் குடுத்தும் சரிவரேல்லை. பிறகு ஆரோ ரவையைப் பாலில காய்ச்சி, கறுவாத்தூள் தூவிக் குடுத்தினம். சின்னப் பிள்ளையில சாப்பிட்டதாம். கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டா."

"அதுக்கு?"

"நாங்கள் எங்கடை சின்ன வயசையெல்லோ இவளுக்குத் தீத்துறம். இவளின்ரை சின்ன வயசு எங்கை கிடக்கெண்டு கேட்டனீங்களோ?"

கேட்டேன். முதலில் ஆரணி, "ஒண்டுமில்லை மாமா" என்றாள். பிறகு மெல்ல ஒன்று வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வந்தது.

கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் வழித்துக் குவித்த பனி மலை. பங்குனி வரைக்கும் கரையாது, அழுக்காகிக் கறுத்துப்போய் நிற்கும், அதில் ஏறி வழுக்குவார்கள். அப்பா வேலையால் வரும்போது கொண்டுவரும் பெட்டி, அதற்குள் குட்டி உருண்டையாக டோனட். இரண்டு கிறீம், இரண்டு சீனி போட்ட கோப்பி. வாங்குவது பெரியவர்கள், கடைசி மிடறு பிள்ளைகளுக்கு. மேப்பிள் பாணி வழிகிற பான்கேக். நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு சாப்பிடுகிற பூட்டீன்.

"அதென்ன பூட்டீன்?"

"பொரிச்ச உருளைக்கிழங்குக்கு மேல சீஸ் கட்டியள் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பு ஊத்துறது. அந்தச் சீஸ் பல்லில பட்டால் கீச் கீச்செண்டு சத்தம் போடவேணும் மாமா. சத்தம் வராட்டில் அது பழசு."

சொல்லும்போது அவள் முகம் மாறியது. நான் வேறு எங்கேயோ இருந்தேன். ஊர் ஏக்கம் என்பது எங்களுடைய தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். போரும் கடலும் உறுதி எழுதிக் கொடுத்த காணி அது, வேறு எவரும் வேலி போட முடியாது என்று. வாகனத் தரிப்பிடத்துப் பனிக்குவியலும் ஒருத்திக்கு ஊராக இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

கோப்பியில் தொடங்கினேன். இங்கே கிறீம் என்றால் அடித்து நுரையாக்கிக் கேக்கின் மேல் வைப்பது. அதை ஊற்றினேன், எண்ணெய் போல மிதந்தது. பிறகு பேணிப்பாலை உடைத்தேன். பேணிப்பால் தேத்தண்ணியில் வளர்ந்த கைக்கு அளவு தெரிந்திருந்தது. ஆரணி ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தாள்.

"கோப்பி ஓரளவு சரி மாமா. கப்தான் பிழை."

மூடி போட்ட கடதாசிக் கப் வேண்டுமாம். வாங்கி வந்தேன். "வீட்டில இத்தினை கோப்பை இருக்க, உதென்ன விசர்?" என்றாள் வதனா. ஆரணி கடதாசிக் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். மூடியின் துளை வழியாக, வீட்டுக்குள்ளேயே எங்கோ அவசரமாகப் போகிறவள் போல, குடித்தாள். முடித்தாள்.

ஆற்றுக்கு அப்பால் இருக்கிற தோட்டங்களின் அப்பிள் சாற்றைச் சூடாக்கி, கராம்பும் தோடம்பழத் தோலும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் போட்ட கறுவா, அவளுடைய அம்மா பெட்டியில் அடைத்து அனுப்பியது. அது முதல் தடவையே சரிவந்தது. பான்கேக்கைப் பார்த்து வதனா, "தோசைக்குச் சீனி போட்டிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூன்றைச் சாப்பிட்டாள். வெண்ணெயும் சீனிப்பாகும் விட்டுச் சின்னக் கிண்ணம் போலச் சுடுகிற ஓர் இனிப்பும் செய்தோம். அதற்கு முந்திரிகை வத்தல் போடுவதா வேண்டாமா என்பதில் அவள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சண்டையாம். அப்பா போடச் சொல்வார், அம்மா வேண்டாம் என்பாள்.

"உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்தச் சண்டைதான் விருப்பம்" என்றாள்.

4

மிஞ்சியது பூட்டீன். அந்தச் சீஸ் கட்டி ஹம்பேர்க்கில் இல்லை. சீஸ் விற்கும் பெண் வேறு எதையெதையோ நறுக்கி நீட்டினாள். துருக்கிக் கடையில் ஹலூமி என்கிற சீஸை வாங்கிப் பொரித்துப் போட்டேன். ஆரணி கடித்துப் பார்த்துவிட்டு, "சத்தம் சரி மாமா, உப்புத்தான் கடல்" என்றாள்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். கடைப் பால் சரிவராது, கறந்த பால் வேண்டும். ஹார்பூர்க் தாண்டி, எஸ்-பான் ரயிலில் போய் பஸ் மாறினால், ஒரு பண்ணை வாசலில் பால் இயந்திரம் நிற்கிறது. காசைப் போட்டால் போத்தலுக்குள் பால் இறங்கும், பின்னால் மாடுகள் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது போல நிற்கும். பாலைத் திரைய வைக்கும் துளிமருந்தை இங்கே 'லாப்' என்பார்கள். மருந்துக் கடையில் சொல்லி எடுப்பித்தேன். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது ஒன்று, பூஞ்சணத்திலிருந்து எடுப்பது இன்னொன்று என்றார்கள். எனக்கு லீவு தொடங்குவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. ஆகவே பூஞ்சணத்தையே கேட்டு வாங்கினேன். குழம்பைக்கூட இறைச்சி இல்லாமல், காளானும் வெங்காயமும் கருகக் கருக வதக்கி வைப்பதென்று தீர்மானித்தேன். அவ்வளவு கவனம்.

என் வேலை துறைமுகத்தில், வாழைப்பழக் கிடங்கில். பச்சையாகக் கப்பலில் வரும் காயை, இந்தக் கிழமை இந்த நிறம் என்று சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பழுக்கப் பண்ணுவது. காய் பழுப்பதும் பால் திரைவதும் அதட்டி நடக்கிற காரியங்கள் இல்லை. பக்கத்தில் நிற்கவேண்டும், கை வைக்கக் கூடாது.

கபிலன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிராங்பேர்ட்டிலிருந்து அழைப்பான். டொச்சில் தொடங்கி டொச்சில் முடிப்பான், நடுவில் 'சாப்பிட்டியளா' மட்டும் தமிழ். இந்தப் பால் கதையைச் சொன்னதும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, அதிசயமாக, தமிழில் ஒரு முழு வசனம் சொன்னான்.

"அப்பா, சின்ன வயசில நான் பொம்மஸ் கேட்டால் வீட்டில சோறு இருக்கெண்டுதானே சொல்லுவியள்?"

பொம்மஸ் என்பது இங்கே பொரித்த உருளைக்கிழங்கு. நானும் சிரித்தேன். அவன் சிரிப்பு முதலில் முடிந்தது.

5

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் வீடுகளில் பால் பொங்கவேண்டும். புதுவீடு புகுந்தால் பொங்கவேண்டும், பொங்கலுக்குப் பொங்கவேண்டும், எந்தப் பக்கம் வழிகிறதென்று பார்த்து அந்த வருடத்தையே தீர்மானிப்போம். திரையக் கூடாது. அடுப்பில் பால் திரைந்தால் வீட்டில் எதுவோ குழம்பப்போகிறது என்று அர்த்தம். வதனா சகுனத்தை அதிகம் பேசமாட்டாள். ஆனால் வெளியே போகிறபோது யாராவது தும்மினால் சப்பாத்துக் கட்டுவதுபோல ஒரு நிமிடம் குனிந்து நிற்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலை வேலை; சீஸ் செய்யப்போகிறேன் என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. ஆரணி வகுப்புக்குப் போயிருந்தாள். நான் பாலை இளஞ்சூடாக்கி, ஒரு கரண்டி மோர் விட்டு, பொறுத்து, துளிமருந்து விட்டு, இன்னும் பொறுத்தேன். பால் கட்டியானது. கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, மெல்லச் சூடேற்றிக் கிளறினேன். வெள்ளைக் கட்டிகள் மங்கிய பச்சைத் தண்ணீரில் மிதந்தன. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் ஒன்றை முதல் தடவையாகச் செய்திருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்த பிறகுதான் தண்ணீரை வடிக்கவேண்டும் என்று செய்முறையில் இருந்தது. மூடி வைத்துவிட்டு, ஆரணியைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அன்றைக்கு அவள் முடிவைச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். முதலில் சாப்பிடட்டும், பிறகு சொல்லட்டும் என்பது என் திட்டம். தூண்டிலில் சீஸ்.

நாங்கள் கதவைத் திறந்தபோது வீடு கற்பூரம் மணந்தது. சாமித்தட்டில் விளக்கு எரிந்தது. குசினியில் என் பானை பளபளவென்று கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"வதனா... இதுக்குள்ள இருந்தது?"

"மூச்சு விடாதேங்கோ, பிள்ளைக்குக் கேக்கப்போகுது" என்று குரலைத் தாழ்த்தினாள். பிள்ளை எனக்குப் பின்னால் நின்றது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அடுப்பில திரைஞ்ச பால். அதுவும் ஒரு பானை. பிள்ளை போறதோ நிக்கிறதோ எண்டு இருக்கிற நேரம். நான் ஊத்திப்போட்டு, கற்பூரம் கொளுத்தினன். நீங்கள் ஏன் பாலை வைச்சிட்டு மறந்துபோனீங்கள்?"

"மறக்கேல்லையப்பா. அது தானாத் திரையேல்லை. நான் திரைய வைச்சனான்."

"என்ன?"

"வேணுமெண்டுதான்."

வதனா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆரும் வேணுமெண்டு பாலைத் திரைய வைப்பினமோ?"

"அதுதான் வதனா, சீஸ்."

அவள் கழுவுதொட்டியைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். நானும் தொட்டியின் துளையைப் பார்த்தேன். பண்ணை, பஸ், மருந்துக் கடை எல்லாம் அந்தத் துளைக்குள் போய்விட்டன. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். ஆரணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை.

"மாமி, நீங்கள் பூட்டீனுக்குப் பரிகாரம் செய்திட்டீங்கள்" என்றாள்.

சீஸ் இல்லாமலே கிழங்கு பொரித்துக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம். ஆரணி முதல் வாயிலேயே நிமிர்ந்தாள். "மாமா, இதுக்குள்ள கறித்தூள் போட்டனீங்களோ?"

"இல்லையே... ஒரு சிட்டிகை. கை தன்பாட்டில போட்டிட்டுது."

சிரித்தாள். ஆனால் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துச் சொன்னாள்: "நான் போறதெண்டுதான் முடிவெடுத்திருக்கிறன் மாமா."

பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு என்பது வாய்வரை வந்தது. அதற்கு முதலே அவள் பேசிவிட்டாள். "நீங்கள் இருந்தனீங்கள்தான். ஆனால் உங்களுக்குத் திரும்பிப் போக ஏலாமல் இருந்தது. எனக்கு ஏலும். ஒவ்வொரு நாளும் எழும்பி, இண்டைக்குப் போகாமல் இருக்கவேணுமெண்டு நான்தான் முடிவெடுக்கவேணும். அது களைக்குது மாமா."

எனக்குக் கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவில் சாய்ந்துகொண்டு நிற்கலாம், விழமாட்டோம். அவளுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. அதில் சாய ஏலாது. இவ்வளவு காலமும் என் பாரம்தான் பாரம் என்று நினைத்திருந்தேனே.

"போ பிள்ளை" என்றேன். நானே எதிர்பார்க்காத வசனம். "போய் அப்பா அம்மாவின்ரை சண்டையைப் பார். திரும்பி வாறதெண்டால் வா. வராட்டிலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். உன்ரை அம்மாவோட நான் கதைக்கிறன்."

வதனா கவிழ்த்த பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

6

மறுநாள் காலை நான் எழும்பியபோது வதனா வீட்டில் இல்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு, வெயில் என்று சொல்லக்கூடியது ஏறிய பிறகு, மூச்சு வாங்க வந்தாள். இரண்டு கையிலும் போத்தல், நிறையப் பால். அந்தப் பண்ணை எங்கே என்று நான் அவளுக்குச் சொன்னதில்லை. ஆரணியைக் கேட்டிருக்கிறாள்.

"மாடு நிக்குது, மனுசர் ஒருத்தரும் இல்லை. காசைப் போடுறன், பால் வருகுது. என்ன நாடப்பா இது" என்று சொல்லிக்கொண்டே பானையை அடுப்பில் வைத்தாள்.

"நான் செய்யிறன், நீர் இரும்."

"தள்ளுங்கோ. ஊத்தினது நான். சொல்லுங்கோ, எவ்வளவு சூடு?"

சொன்னேன். துளிமருந்துப் போத்தலைக் கையில் எடுத்தவள் சாமித்தட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ஏதோ முணுமுணுத்தாள். மன்னிப்போ, கணக்குத் தீர்த்ததோ தெரியாது. பிறகு விட்டாள். பால் திரையும்வரை அடுப்பை விட்டு அசையவில்லை. கட்டி விழத் தொடங்கியதும் அவள் கை தன்னையறியாமல் தீபம் எடுப்பதுபோல ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. இல்லத்தில் எத்தனையோ கிழவிகளுக்கு ஊட்டிய கை அது.

பின்னேரம் மேசையில் வைத்தோம். கிழங்கு, மேலே கட்டிகள், அதற்கு மேலே குழம்பு. கறித்தூள் இல்லை, நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆரணி ஒரு கட்டியை எடுத்துக் கடித்தாள். மேசையைச் சுற்றி நாங்கள் மூச்சடக்கி நின்றோம்.

கீச்.

சின்னச் சத்தம். ஈரச் செருப்பு தரையில் உரசுவதுபோல.

"எப்பிடி?" என்றாள் வதனா.

ஆரணி மென்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. "அங்கத்தை மாதிரி இல்லை மாமி." இன்னொன்றை எடுத்தாள். "கிட்டத்தட்ட."

கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். ஒருகாலம் நான் போயிருந்தால் ஏதோ ஒரு மாலையில் ஒரு கடை வாசலில் நின்று இதைத்தான் சாப்பிட்டிருப்பேன். நல்ல ருசிதான். ஆனால் என் நாக்குக்கு அதில் ஞாபகம் ஒன்றும் இருக்கவில்லை. வெறும் ருசி. இத்தனை வருடமும் நான் இழந்ததாக நினைத்திருந்த கனடா என்னுடையதல்ல என்று அந்தக் கோப்பை மெல்லச் சொல்லியது. அது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சாப்பிடுகிறவளுடையது.

7

மார்கழியில் ஆரணி போனாள். திரும்பி வரவும் சீட்டு எடுத்திருந்தாள். "சும்மா கிடக்கட்டும் மாமா" என்றாள். சாந்தியோடு கதைத்தேன். முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள், கடைசியில் சொன்னாள்: "வந்தவுடனை பூட்டீன் கேக்கிறாளண்ணா. நான் அவளுக்கு ஆசையெண்டு நண்டுக்கறி வைச்சிருந்தன்."

"இரண்டையும் வை" என்றேன்.

அந்தச் சீட்டின்படி அவள் இங்கே வந்து இறங்கவேண்டிய நாள் நேற்று. வெள்ளிக்கிழமை. சாந்தியின் செய்தி காலையிலேயே வந்திருந்தது. முதல்நாள் பின்னேரம் அவளை அங்கே விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்களாம். வாசலில் நின்று அழுதாளாம். உள்ளே போனாளாம். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லையாம். ஏறினாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஏறியிருந்தாலும் பிராங்பேர்ட்டில் விமானம் மாறவேண்டும். அந்த இடத்தில் ஒரு வரிசையில் என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

ஹம்பேர்க் விமான நிலையத்தின் வருகைக் கதவுக்கு முன்னால் நின்றேன். கையில் மூடி போட்ட கடதாசிக் கப், வீட்டிலிருந்து கொண்டுவந்தது, ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறந்து திறந்து மூடியது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். ஒரு குழந்தை பெட்டியின் மேல் ஏறி இருந்து வந்தது. பிறகு கொஞ்ச நேரம் கதவு திறக்கவேயில்லை.

வதனாவின் செய்தி வந்தது: 'பால் வடிவாத் திரைஞ்சிட்டுது. பிள்ளை வந்திட்டாளோ?'

தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு திறந்தது. முதலில் வந்தது பெட்டி, அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் அவள். யக்கெற்றின் பொத்தான் ஒன்றும் பூட்டியிருக்கவில்லை.

"மாமா, இஞ்சை குளிரே இல்லை" என்றாள்.

பெட்டியை வாங்கினேன். கை இறங்கியது. "என்ன, திரும்பவும் கறித்தூளோ?"

"ஓம். ஆனால் பாதிதான். பாதியை எடுத்து வெளியில வைச்சிட்டு வந்தனான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." கப்பை என் கையிலிருந்து எடுத்து, மூடியின் துளையில் வாய் வைத்து, ஆறிய கோப்பியை நடந்தபடியே குடிக்கத் தொடங்கினாள். நான் பின்னால் நின்று, வதனாவுக்கு எழுதினேன்:

'வந்திட்டாள். தண்ணியை வடிச்சுவிடும்.'